கட்டை என்னுடையது

அத்தியாயம் 9

போன வாரம் தபாலில் வந்த கண்காட்சி அட்டையை நாற்காலிக்காரி மூன்று முறை படித்தாள். பிறகு சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். ஒரு வாரமாக அது கவிழ்ந்தே கிடந்தது. காய் நறுக்கும்போது தள்ளி வைப்பாள், மேடையைத் துடைத்ததும் மறுபடி அதே இடத்தில் வைப்பாள். நிமிர்த்தவே இல்லை.

அட்டையில் இருந்தது நாலே வரி. 'வேட்டைத் துப்பாக்கி. பின்கட்டை அசலானது. ஒற்றைக் கண் வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தொழிற்சாலையிலேயே தனியாக வளைத்துச் செய்யப்பட்டது. மகன் அளித்த உறுதிமொழியின்படி.'

துப்பாக்கியைத் தோளில் தாங்கும் அந்த மரக்கட்டையைச் செய்தது எந்தத் தொழிற்சாலையும் இல்லை. அவள்.

நாற்காலிக்காரி என்பது கல்யாணத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்ட பெயர். நாற்காலி செய்யும் ஆலையில், புது வடிவங்களை முதன்முதலில் செய்து பார்க்கும் மாதிரி அறையில் அவளுக்கு வேலை. அறுபத்தொரு வயதிலும் வாரத்தில் மூன்று நாள் போய் வருகிறாள்.

கணவருக்கு உத்தியோகம் கல்குவாரி மேஸ்திரி. உயிர் மட்டும் வேட்டையில். கல்யாணமான இரண்டாம் வருஷம் கல் சில்லு தெறித்து வலக்கண் போயிற்று. துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிப் பார்த்தார், கை பழகவில்லை. அப்புறம் நாலு மாதம் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. அவரும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை முக்காலியில் உட்காரவைத்து, விளக்குமாற்றை வலது தோளில் பிடிக்கச் சொல்லி, இடக்கண்ணுக்கு நேராக நூல் பிடித்து அளவெடுத்தாள். நாற்காலிக் கைகளை வளைக்கும் ஆவிப் பெட்டியில் அக்ரூட் கட்டையை வேகவைத்து வளைத்தாள். மூன்று கட்டை பிளந்தது. நாலாவது வளைந்தது. வலது தோளில் பதிந்து, இடக்கண்ணுக்கு முன்னால் துப்பாக்கிக் குழாயைக் கொண்டுவந்து நிறுத்தும் விசித்திரமான கட்டை.

அது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். பழந்துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தில் அவர் அதைப் பற்றி வேறு கதை சொல்லிவந்தது, அவர் போய் ஏழு மாதம் கழித்து, அந்த அட்டையைப் படித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குச் சங்கத்தின் கண்காட்சி திறக்கிறது.

காலை ஒன்பதுக்கே மூத்தவன் வந்துவிட்டான். மருந்துக்கடை வைத்திருப்பவன். கடையில் பேசுவதைப் போலவே வீட்டிலும், வேளைக்கு எத்தனை என்று சொல்லும் குரலில் பேசுவான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க வந்து நீ பேசாம உக்காந்தா போதும்."

"பேசாம உக்கார எனக்கு நல்லா வருமே."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லடா. முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்."

வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த இளையவள் சிரித்துவிட்டாள். பஸ் ஓட்டுநர். இன்றைக்கென்று இன்னொருத்தரிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணா, உன் சட்டை மடிப்பைப் பாத்தா பயமா இருக்கு. பக்கத்துல உக்காந்தா கையை வெட்டிடும் போல."

"நீ சும்மா இரு. இன்னைக்கு அப்பா இடத்துல என்னை உறுப்பினரா எடுத்துக்கறாங்க." அம்மாவின் பக்கம் திரும்பினான். "போன வாரம் நீ சொன்னதை நான் நம்பலைன்னு சொல்லலை. ஆனா நான் உறுதிமொழில கையெழுத்துப் போட்டது அப்பா சொன்னதை நம்பி. இப்ப நீ எழுந்து நின்னு இல்லைன்னு சொன்னா, பொய்யன்னு யாரைச் சொல்வாங்க? என்னை இல்ல. அவரை. அவருக்கு அங்க எவ்வளவு மரியாதை தெரியுமா உனக்கு?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் ஒரு அதட்டலில் முடித்திருப்பாள். இறந்தவரால் வந்து பதில் சொல்ல முடியாது. ஆனால் அவளும் அந்தக் கட்டையைச் செய்து முடித்த அன்றிலிருந்து, அதைப் பொறுத்தவரை, இறந்தவளாகத்தானே இருந்திருக்கிறாள்?

ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அட்டையை நிமிர்த்திக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க, போலாம்" என்றாள்.

சங்கத்தின் அறை ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும் அதிர்வு படியேறும்போதே காலில் ஏறியது. உள்ளே நீள மேஜை. அதன்மேல் பச்சைத் துணி. துணிமேல் துப்பாக்கி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வெள்ளைக் கையுறைகள்.

மேஜையின் தலைமாட்டில் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். கணவரின் நண்பர். சங்கத்துத் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். அதில் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் ஆறு பக்கம்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க. இந்தச் சண்டையை மூணு மணிக்குள்ள முடிச்சாகணும்."

சண்டை இரண்டு பேருக்கு நடுவில். ஒருவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். இன்னொருவருக்குச் சங்கத்தில் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். அது இல்லாமல் அவர் சொந்தத் தட்டில் இருக்கும் சாப்பாட்டைக்கூட நம்பமாட்டார் என்று சொல்வார்கள்.

"இரும்புல நாலு, எட்டு, ஒண்ணு, ஏழு. கட்டைக்கு அடில நாலு, மூணு, ஒண்ணு, ஏழு." பூதக்கண்ணாடி மேஜையைத் தட்டினார். "அசலா இருந்தா ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இது பின்னால மாத்தின கட்டை."

"தொழிற்சாலைல இருக்கறவன் மனுஷன்தானே? திங்கட்கிழமை காலைல தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பான்" என்றார் கடிகாரக்காரர்.

"திங்கட்கிழமைன்னு உமக்கு யார் சொன்னது? அவனா?"

"அட, தப்பு நம்பர் இருக்கறதுதான்யா அசலுக்கு அத்தாட்சி. போலி பண்றவன் நம்பரைப் பாத்துப் பாத்துச் சரியா அடிப்பான்."

"ஓஹோ. சரியா இருந்தா போலி, தப்பா இருந்தா அசல். இந்தக் கணக்குலதான் நீர் கடிகாரம் ரிப்பேர் பண்றீரா?"

மூத்தவன் மரியாதைக்குச் சிரித்தான். கடிகாரக்காரர் சிரிக்கவில்லை. கட்டையின் வளைவில் கையுறை விரலை வைத்தார்.

"நம்பரை விடும். இந்த மர ரேகையைப் பாரும். வளைவுல ஒட்டு இருக்கா? அறுத்து எடுத்திருந்தா ரேகை இங்க வெட்டுப்பட்டிருக்கும். இது ஆறு திரும்பற மாதிரி கூடவே திரும்பிப் போகுது. முழுக் கட்டையை வளைச்சிருக்கான். இவ்வளவு தடிமனை, ஒரு கீறல் இல்லாம. எத்தனை கட்டையை உடைச்சிருப்பானோ இதுக்கு! பெரிய தொழிற்சாலைல, பெரிய கைகாரன் செஞ்ச வேலை."

நாற்காலிக்காரிக்கு உள்ளங்கை சூடாயிற்று.

மூன்று கட்டை, என்று மனதுக்குள் சொன்னாள். மூன்று.

இத்தனை வருஷத்தில் அந்த வளைவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கணவர்கூட, முதல் தடவை தோளில் வைத்துப் பார்த்தபோது, "ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் பல வருஷம் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒருவர் அந்த வேலையின் ஒவ்வொரு கஷ்டத்தையும் விரலால் தடவிச் சொல்கிறார். ஆனால் யாரோ ஒரு ஆளின் வேலையாகச் சொல்கிறார்.

"அது எட்டுதாங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். மூத்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பழைய கட்டைல எட்டோட இடது பக்கம் சிதைஞ்சு போயிருந்தது. எனக்கு மூணுன்னு தெரிஞ்சது. அதனால புதுக் கட்டைல மூணுன்னே அடிச்சேன். இரும்புல இருக்கறதைப் பாத்து அடிச்சிருக்கணும். தோணலை."

கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் துணியில் அதன் நடுக்கம் தெரிந்தது.

"நீங்க அடிச்சீங்களாம்மா?" கடிகாரக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கட்டையும் நான் செஞ்சதுதான்."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி கடிகாரக்காரரைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றார் கடிகாரக்காரர்.

"டீ வேண்டாம்."

பூதக்கண்ணாடி இருமிக்கொண்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மாத்தின கட்டைன்னுதான் நானும் சொல்றேன். ஆனா மாத்தினவன் லேசுப்பட்ட ஆள் இல்ல. இது வீட்டுல உக்காந்து செய்யற வேலை இல்லைங்க."

"இல்லவே இல்ல" என்றார் கடிகாரக்காரர்.

காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அந்த ஒன்றில் கைகோத்துக்கொண்டார்கள்.

"அம்மாவுக்கு அப்பா போனதுலேருந்து மனசு சரியில்லை" என்றான் மூத்தவன். யாரையும் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணா! என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" இளையவள் எழுந்துவிட்டாள்.

நாற்காலிக்காரி கையை உயர்த்தினாள். இளையவள் உட்கார்ந்தாள்.

அவளுக்கு மௌனம் புதிதில்லை. அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பாள். அறையில் மற்றவர்களால்தான் முடியவில்லை. பூதக்கண்ணாடி கையுறையைக் கழற்றி மாட்டினார். கடிகாரக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மகன் சொன்ன வார்த்தை அவளுக்குள் இறங்கி, அடிவரை போய், அங்கே நின்றது. வலித்தது. ஆனால் அந்த வலியில் ஒரு தயக்கம் கழன்று விழுந்ததையும் கவனித்தாள்.

"கழட்டிப் பாருங்க" என்றாள். "குழாய்க்கு அடில, முன் ஸ்க்ரூ ஓட்டையை முதல்ல ஒரு நூல் தள்ளிப் போட்டுட்டேன். அதை அடைச்சிட்டுப் பக்கத்துல வேற போட்டேன். அடைச்சது நாற்காலிக் கால்ல அடிக்கிற மர முளை. மரம் வெள்ளையா இருக்கும். எங்க ஆலை முளைல நீளத்துக்கு மூணு வரிப் பள்ளம் ஓடும். வேற எங்கயும் மூணு கிடையாது."

"அதுக்கு வழியில்லைம்மா." கடிகாரக்காரர் ஸ்க்ரூவின் தலையைக் காட்டினார். "வெட்டுல ஒரு கீறல் இல்ல பாருங்க. தொழிற்சாலைல முடுக்கினதுக்கப்புறம் யாரும் தொடாத ஸ்க்ரூ. தொடாத ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. சங்கத்தோட முதல் விதி."

"அதைக் கடைசியாத் தொட்டதே நான்தான்."

"விதி விதிதானேம்மா."

"துப்பாக்கி யார் பேர்ல இருக்கு?"

இளையவள் பையைத் திறந்தாள். "அம்மா பேர்ல. லைசென்ஸ் மாத்தின பேப்பர் இதோ. நான் வண்டி ஓட்டறவ. பேப்பர் இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பறதில்ல."

நாற்காலிக்காரி கடிகாரக்காரரின் முன்னால் கை நீட்டினாள். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தன் கருவிப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதன் முனையை ஸ்க்ரூவின் வெட்டில் வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இது அகலம் பத்தாது. தலையைக் கடிச்சிடும். அடுத்த சைஸ் குடுங்க."

கடிகாரக்காரரின் முகம் மாறியது. பையை அப்படியே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அம்மா, வேண்டாம்." மூத்தவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். மடிப்புக் கலையாத சட்டைக்குள் அவன் பள்ளிக்கூடப் பையன் போல இருந்தான். "எனக்காக வேண்டாம்."

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்காக எத்தனையோ செய்யாமல் இருந்திருக்கிறாள். இதையும் விட்டுவிடலாம். விட்டுவிட்டால் அவன் சங்கத்தில் அப்பாவின் நாற்காலியில் உட்காருவான், அட்டை மேஜையில் நிற்கும், கடிகாரக்காரர் இன்னும் இருபது வருஷம் அந்தப் பெரிய கைகாரனைப் புகழுவார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவள் ஒருத்திக்குத் தவிர.

"பாக்கப் பிடிக்கலைன்னா நீ கண்ணை மூடிக்கோடா" என்றாள்.

உள்ளங்கையை அழுத்தித் திருப்பினாள். ஸ்க்ரூ ஒருமுறை கிறீச்சிட்டது. பூதக்கண்ணாடிக்கு உடம்பு கூசியது. ஒன்று, இரண்டு, மூன்று ஸ்க்ரூவையும் எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தாள். குழாயை இடதுகையால் தூக்கிக் கட்டையிலிருந்து பிரித்தாள்.

இருண்ட மரத்தில், முன் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை வட்டம். அதன் விளிம்பில் மூன்று சின்னப் பள்ளம்.

பூதக்கண்ணாடி குனிந்தார். கடிகாரக்காரர் குனிந்தார். இருவர் தலையும் முட்டிக்கொண்டது, இருவருமே கவனிக்கவில்லை. இளையவள் குனிந்து பார்த்து, "அம்மாடி" என்றாள். கடைசியில் மூத்தவனும் குனிந்தான். நிமிர அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"மூணு வரி" என்றார் பூதக்கண்ணாடி. எதிர்க்கட்சிக்காரரைப் போல இல்லாமல், சாதாரணமாக.

நாற்காலிக்காரி கட்டையைப் பார்க்கவில்லை. மேஜையின் தலைமாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மட்டும் குனியலையே அண்ணே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷமா இந்தத் துப்பாக்கியைப் பத்தி எழுதறீங்க, பேசறீங்க. உள்ள என்ன இருக்குன்னு திறந்ததும் பாக்கணும்னு தோணாதா? உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"தெரியும் தங்கச்சி" என்றார் கடைசியில். "அவனேதான் சொன்னான். சங்கத்துல சேர்ந்த ரெண்டாவது மாசம். 'என் வீட்டுக்காரி செஞ்சது'ன்னான். பெருமையாத்தான் சொன்னான். ஆனா அதுக்குள்ள என் புத்தகம் வெளிவந்துடுச்சு. பாத்த மாத்திரத்துல, அவனைக் கேக்காமலே, அசல்னு எழுதிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னால தலைநிமிர முடியாது, விட்டுடுடான்னு கேட்டேன். விட்டுட்டான்."

"அவ்வளவுதானா?"

"நண்பனுக்காக விட்டுக்கொடுத்தான்."

ஒரு வாரமாக அவள் ஒருவர்மேல் கோபமாக இருந்தாள். மனைவி செய்தது என்று சொல்ல வெட்கப்பட்ட மனிதர்மேல். அப்படி ஒரு மனிதர் இருக்கவே இல்லை. கணவர் வெட்கப்படவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். மனம் ஒரு நொடி இளகியது. அந்த 'ம்' என்ற சத்தம்கூட இப்போது வேறாகக் கேட்டது.

அடுத்த நொடி மறுபடி இறுகியது. தன்னுடையதை விட்டுக்கொடுத்திருந்தால் அது பெருந்தன்மை. அவர் விட்டுக்கொடுத்தது அவளுடையதை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"அப்பா உங்ககிட்ட சொன்னார்." மூத்தவனின் குரல் பிசிறியது. "என்கிட்ட அசல்னு சொன்னார். சாகற வரைக்கும். பெத்த பிள்ளைகிட்ட." பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனான். இளையவள் எழுந்தாள். "விடு, போகட்டும்" என்றாள் அம்மா.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் பழைய கனத்துக்குத் திரும்பியது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. யாருக்கும் சங்கடம் இல்லாம முடிப்போம். அட்டையை மாத்திடலாம். 'கட்டை பிற்காலத்தது. செய்தவர் தெரியவில்லை.' இப்படிப் போட்டுட்டா அவன் பேரும் கெடாது, சங்கத்துப் பேரும் கெடாது."

"தெரியவில்லையா?"

"ஒரு வழக்கத்துக்குப் போடறதுதான்."

"தெரியாம என்ன? இதோ, உங்க எதிர்லதானே நிக்கறேன்."

"பேரைப் போட்டா நாலு கேள்வி வரும் தங்கச்சி. ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் உங்ககிட்ட இருக்கு."

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி, அவர் முன்னால் வைத்தாள். பிறகு கட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நாற்காலிக் கையைத் தூக்கிப்போகும் அதே வாகு.

"இரும்பு தொழிற்சாலைலேருந்து வந்தது. அசல். அதை மேஜைல வெச்சுக்கோங்க. கட்டை என்னுடையது. நான் எடுத்துக்கறேன்."

"தங்கச்சி, நாலு மணிக்கு இருநூறு பேர் வருவாங்க. மேஜைல வெறும் குழாயா கிடக்கும்? கட்டை எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அதைத்தான் நானும் கேக்கப்போறேன், தலைவரே. முன்வரிசைல உக்காந்து."

அண்ணே போய்த் தலைவரே ஆனது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

படியில் இறங்கும்போது பின்னால் கடிகாரக்காரரின் குரல் கேட்டது. "அம்மா, ஒரு நிமிஷம். அந்த ஆவில எத்தனை மணி நேரம் வெச்சீங்க?"

அவள் நின்றாள். "பதினொண்ணு" என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கு முன்பே கண்காட்சிக் கூடம் நிரம்பிவிட்டது. நடு மேஜையில் பச்சைத் துணிமேல் குழாயும் மூன்று ஸ்க்ரூவும் மட்டும் கிடந்தன. வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று கிசுகிசுத்தார்கள். ஒருவர் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொருவர் கண்ணாக முன்வரிசைக்கு வந்தது. அங்கே பழுப்புச் சேலையில் ஒரு பெண், குழந்தையைப் போல மடியில் ஒரு வளைந்த கட்டையைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலப்பக்கம் இளையவள். இடப்பக்க நாற்காலி காலி. இளையவள் அழைத்துப் பார்த்தாள்; மூத்தவனின் போன் மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை.

"அம்மா, கை வலிக்கலை? நான் கொஞ்சம் பிடிக்கறேன், குடு."

"வேண்டாம்."

தலைவர் மைக் முன்னால் வந்தார். மேல்சட்டையின் இடது பையில் மூத்தவன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. வலது பையில் வேறு ஒரு தாள், மடித்தது. மத்தியானம் அவர் எழுதியதா, எப்போதும் படிக்கும் வரவேற்புரையா, தெரியவில்லை. கை முதலில் இடப்பக்கம் போனது. அங்கேயே நின்றது.

"நண்பர்களே" என்றார்.

கூடம் அடங்கியது. அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாற்காலிக்காரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை, முறைக்கவும் இல்லை. மாதிரி அறையில் ஆவிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி நேரமானாலும் சரி.

பின்னால் கூடத்துக் கதவு திறந்தது. வரிசைகளுக்கு நடுவே காலடிச் சத்தம் வந்தது. அவளுக்குத் தெரிந்த காலடி, மூத்தவனுடையது. வேகமாக வந்து, பாதியில் தயங்கி நின்றது. இளையவள் திரும்பிப் பார்த்து அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

நாற்காலிக்காரி திரும்பவில்லை. திரும்பினால் தலைவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும்.

எடுக்கவில்லை.